வீடு மாறினாலும் டிபி மாத்திரை நிற்கக் கூடாது

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் இருமல் என்றால் முதலில் கால் போவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க யாரால் முடியும்? ஆனால் கடையில் கேட்டு வாங்கும் சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள் டிபி கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும். இருமல் குறையும், நோய் உள்ளே வளரும், ஒரே அறையில் படுப்பவர்களுக்கும் பரவும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனைதான் வழி. அரசு சுகாதார நிலையத்தில் அது இலவசம். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. மூச்சை நன்றாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும்.

சாதாரண டிபிக்கு ஆறு மாத மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டாம், அது மருந்தின் நிறம். கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். இரண்டாவது மாதம் பசி எடுத்து உடம்பு தேறியதும் 'சரியாகிவிட்டது' என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். மிச்சக் கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரலாம். அப்போது சிகிச்சை இன்னும் கடினம்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, குடிசையை எடுத்து, தெற்கே தூரத்தில் உள்ள பெரும்பாக்கம், கண்ணகி நகர் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பும்போது மருந்து அறுந்துபோவது. சாமான் ஏற்றும் அவசரத்தில் சிகிச்சை அட்டை தொலையும். புது இடத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் வாரங்கள் ஓடும். யார் வீட்டில் டிபி மருந்து ஓடுகிறது என்று கேட்காமல் வீட்டை இடிப்பது பெரிய தவறு; அதை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது. நம் பக்கம் செய்யக்கூடியது: கிளம்பும் முன் மருந்து தரும் மையத்தில் சொல்லுங்கள். நிக்‌ஷய் என்ற அரசு டிபி பதிவேட்டு எண் இருந்தால் சிகிச்சையைப் புது இடத்துக்கு மாற்றித் தருவார்கள். அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழிக்கு மாத்திரை கேட்டு வாங்குங்கள். வேலைக்குத் தினமும் வடசென்னைக்கே வருபவர்கள் பழைய மையத்திலேயே தொடர முடியுமா என்று கேட்கலாம். ஏற்கெனவே விட்டுப்போயிருந்தால் மிச்ச மாத்திரையைத் தானாக ஆரம்பிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் தேவையில்லை. டிபி காற்றில் பரவுவது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். வீட்டை விட்டு அனுப்பவும் வேண்டாம். சானடோரியம் என்ற டிபி மருத்துவமனையில் படுக்கவைத்தாலும் நெருக்கடியான வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் குணம் ஏறக்குறைய ஒன்றே என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது இந்தச் சென்னையில், ஏழை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுதான். கூட இருப்பவர்களுக்கும், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளுக்கும், பரிசோதனையும் தடுப்பு மாத்திரையும் கேளுங்கள்.

நடைபாதையில் இருப்பவர்களும் மணலி, எண்ணூரில் வேலை செய்யும் வெளிமாநிலத்தவரும் ரேஷன் கார்டு இல்லையே என்று போகாமல் இருந்துவிடுகிறார்கள். மருந்துக்கு அது வேண்டாம். சிகிச்சை ஓடும்வரை சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் கணக்கில் பணம் உண்டு. அதற்குத்தான் வங்கிக் கணக்கு வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.