மேனிப் பொலிவுக்குப் பொன்னாங்கண்ணி: நடுவதும் சமைப்பதும்

‘பொன் ஆம் காண் நீ’ என்று பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லும் அளவுக்குப் பொன்னாங்கண்ணியின் மீது நம்மவர்களுக்கு நம்பிக்கை உண்டு. உடலில் வைட்டமின் ஏ-யாக மாறித் தோல் வறண்டு சொரசொரப்பாகாமல் காக்கும் பீட்டா கரோட்டின் இக்கீரையில் இருப்பதால், அந்த நம்பிக்கை வெறும் பேச்சன்று. (இதைத் தொடர்ந்து உண்டால் பகலிலும் விண்மீன் தெரியும் என்று சொல்வார்கள்; அதை மட்டும் நான் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.) ஆனால் ஓடையோரத்திலும் சாக்கடைக் கரையிலும் தானாகவே படரும் கீரை இது, கடையில் வாங்கும் கட்டு எந்த நீரில் வளர்ந்தது என்பதை அறிய வழியில்லாததால், வீட்டிலேயே வளர்ப்பது நல்லது.

விதை தேட வேண்டியதில்லை. ஒருமுறை வாங்கிய கட்டில் இலைகளை ஆய்ந்த பின், முற்றிய தண்டுகளை நான்கு கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு நட வேண்டும். வேர் கணுவிலிருந்துதான் கிளம்பும். செம்மண்ணையும் மட்கிய தொழுவுரத்தையும் தேங்காய் நார்த்தூளையும் கலந்து நிரப்பிய அகலமான தொட்டி போதும். முதல் நான்கு நாள்கள் நிழலில் வைத்து, துளிர் தெரிந்ததும் வெயிலுக்கு மாற்றி, மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சி கண்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். தெளித்த சில நாள்களுக்குக் கீரையைப் பறிக்கக் கூடாது.

கணுக்களில் வெண்ணிறப் பூக்கள் திரளத் தொடங்கினால் தண்டு நாராகிவிடும் என்பதால், அதற்கு முன்பே அடியில் இரண்டு கணுக்களை விட்டு அறுக்க வேண்டும். சமைக்கும் நேரத்தில் அறுப்பதே சிறந்தது; வைட்டமின் சி, பறித்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் குறையும்.

முழுக் கீரையாகவே அலசிய பிறகு நறுக்குங்கள். பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆகையால், வெந்த பாசிப்பருப்புடன் கீரையைச் சேர்த்து, தேங்காய்த் துருவல் தூவி, நல்லெண்ணெயில் தாளிப்பது நம் வழக்கமாக மட்டுமன்றித் தகுந்த முறையாகவும் இருக்கிறது. இறக்கிய பின் பிழியும் எலுமிச்சைச் சாறு கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர உதவும். உணவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு உண்பது நலம்.

ஒரே வாரத்தில் கண்ணாடியைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம். தோலின் மேலடுக்கு புதிதாவதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் பிடிக்கும். அதற்குள் தொட்டியில் அடுத்த அறுப்புக்கான துளிர் வந்திருக்கும்.