மனுவில் 'அதிகாரி' என்று எழுதலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் தாலுகா ஆபீஸ் பக்கம் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் "அதிகாரிக்கு ஒரு மனு எழுதணும் சாரே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எந்த அதிகாரி என்று கேட்டால், "உள்ள இருக்கிற பெரிய அதிகாரிதான்" என்பார்கள்.

பேச்சில் அது சரி. அதிகாரம் உள்ள யாரும் அதிகாரிதான். ஆனால் 'பெறுநர்' என்று போட்டு அதன் கீழே வெறுமனே 'அதிகாரி அவர்கள்' என்று எழுதினால் மனு எந்த மேசைக்குப் போகும்? அரசு வைத்திருக்கும் பதவிப் பெயர்களில் பெரும்பாலும் 'அலுவலர்' என்றுதான் இருக்கும். விஏஓ என்றால் கிராம நிர்வாக அலுவலர், பிடிஓ என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், ரேஷன் கார்டு விஷயத்துக்கு வட்ட வழங்கல் அலுவலர். அலுவல் பார்ப்பவர் அலுவலர். எனக்கு அதிகாரியைவிட இந்தச் சொல்தான் பிடிக்கும்.

நிலம், பட்டா என்று வந்தால் 'ஆட்சியர்' குடும்பம். இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள். தாசில்தார்தான் வட்டாட்சியர். அவர் போட்ட பட்டா உத்தரவு சரியில்லை என்றால் மேல்முறையீடு ஆர்டிஓவுக்கு, அதாவது கோட்டாட்சியருக்கு. நம் மாவட்டத்தில் கோட்டம் இரண்டு. அகஸ்தீஸ்வரம், தோவாளைக்காரர்கள் 'வருவாய்க் கோட்டாட்சியர், நாகர்கோவில்' என்று எழுத வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துக்குப் பத்மநாபபுரம் கோட்டம். அங்கே கோட்டாட்சியர் இடத்தில் இருப்பவர் சார் ஆட்சியர், அதாவது சப் கலெக்டர். அவருக்கும் மேலே மாவட்ட ஆட்சியர். ஊர் என்ற இடத்தில் 'நாகர்கோவில்' என்று போடுங்கள். மாவட்டத்தின் பெயர் கன்னியாகுமரி என்பதால் கலெக்டர் ஆபீஸும் முக்கடல் கரையில் இருப்பதாக நினைத்து எழுதுகிறவர்கள் உண்டு! தாலுகா ஆபீஸும் அப்படித்தான்: விளவங்கோட்டுக்குக் குழித்துறை, தோவாளைக்குப் பூதப்பாண்டி.

பழைய ஆவணங்களில் 'பார்வத்தியக்காரர்', 'பகுதி' என்று வந்தால் பதற வேண்டாம். திருவிதாங்கூர் காலத்தில் கிராம வருவாய்ப் பிரிவுக்குப் பகுதி என்று பெயர். அதைப் பார்த்தவர் பார்வத்தியக்காரர். 1956 நவம்பர் 1-ல் நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். இன்றைய மனுவில் அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் என்று எழுதினால் போதும்.

அடுத்து மரியாதை. பதவிக்கு முன்னால் 'உயர்திரு', பின்னால் 'அவர்கள்', தொடக்கத்தில் ஒரு 'ஐயா' அல்லது 'அம்மா', அவ்வளவுதான். வயதானவர்கள் சிலர் போலீஸ்காரரை 'ஏமானே' என்று கூப்பிடுவார்கள். எசமானிலிருந்து வந்த அந்தச் சொல்லை எழுதச் சொன்னால் நான் எழுத மாட்டேன். 'தங்கள் சமூகத்திற்கு', 'பாதம் பணிந்து' எல்லாம் மனுவை நீளமாக்குமே தவிர, வேலையை நடத்தாது. ஆளின் பெயரையும் போடாதீர்கள். மாற்றலாகிப் போய்விடுவார், நாற்காலி அங்கேயே இருக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதாக இருந்தால் மட்டும் இந்தப் பட்டியலை மறந்துவிடுங்கள். எந்த ஆபீஸ் ஆனாலும் 'பொதுத் தகவல் அலுவலர்' என்று எழுதி, கீழே அந்த ஆபீஸின் பெயரும் ஊரும் போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த கடிதம் அதே ஆபீஸில் உள்ள 'மேல்முறையீட்டு அலுவலர்' பெயருக்கு.