சூறாவளி வெள்ளம் வடிந்த வீட்டைச் செப்பனிடச் செல்லும் சபைக் குழுவுக்கு

அமெரிக்காவின் வளைகுடாக் கரையோர மாநிலங்களில் சூறாவளி ஓய்ந்ததும் உதவிக்கு வந்து நிற்பவர்களில் கிறிஸ்தவ சபைத் தன்னார்வலர்கள் எப்போதும் இருக்கிறார்கள். தென் பாப்டிஸ்டு சபையாரின் பேரிடர் நிவாரணப் பணி, 1967-இல் டெக்சாஸைத் தாக்கிய பியூலா சூறாவளியை அடுத்துத் தொடங்கியது. மெனோனைட் சபையாரின் பணி அதற்கும் முன்பே, 1950-இல் தொடங்கிவிட்டது. இத்தனை ஆண்டுப் பழக்கம் சபைகளுக்கு இருந்தும், புதிதாகக் கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகின்றன: சுவரின் மரச் சட்டங்களில் ஈரம் காய்வதற்கு முன்பே அவற்றின்மேல் புதுப் பலகை அடித்துச் சுவரை மூடிவிடுகின்றன. மூடிய சுவருக்குள் பூஞ்சை படர்ந்தால், அந்தக் குடும்பம் அதே சுவரை மீண்டும் உடைக்க வேண்டிவரும்; அப்போது உதவிக்கு யாரும் அருகில் இருக்க மாட்டார்கள்.

அழைப்பில்லாமல் போய் இறங்காதீர்கள். உதவி கேட்கும் வீடுகளின் பட்டியலைப் பல அமைப்புகள் பகிர்ந்துகொள்ளும் கிரைசிஸ் கிளீனப் தளத்தின் மூலமோ, அந்த ஊரில் ஏற்கெனவே பணி செய்யும் சபையின் மூலமோ வீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்குங்கள். ஜெபம் செய்யலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். அவர் விரும்பாவிட்டாலும் வேலை அதே அக்கறையோடு நடக்க வேண்டும்.

ஒரு பொருளையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். ஒவ்வோர் அறையையும், சுவரில் தெரியும் நீர்மட்டக் கோட்டை அளவுநாடாவுடன் சேர்த்தும், குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றின் தயாரிப்பு எண்களையும் எடுக்க வேண்டும். கம்பளத்தில் ஒரு சிறு துண்டை வெட்டிப் பையில் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்துவையுங்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்புச் சான்றை வழக்கமாக 60 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். காப்பீட்டு மதிப்பீட்டாளர் வரும்வரை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று பலர் எண்ணிக் காத்திருக்கிறார்கள். ஆனால் 24 முதல் 48 மணி நேரத்திலேயே பூஞ்சை தலைகாட்டத் தொடங்கும் என்பதால், படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு நனைந்தவற்றை அகற்றத் தொடங்குவதே சரி. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. 2017-இல் ஹார்வி சூறாவளி ஹூஸ்டனை மூழ்கடித்தபோது வெள்ளக் காப்பீடு இல்லாத வீடுகள் ஏராளமாக இருந்தன. அத்தகையோர் அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமாவிடம் உதவி கோரும்போதும் இதே படங்கள் கைகொடுக்கும்.

மின்சாரமும் எரிவாயுவும் நிறுத்தப்பட்டிருப்பதை உறுதி செய்யாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. தேங்கிய நீரில் நின்றபடி மின்பெட்டியைத் தொடவே கூடாது. ஜெனரேட்டரை வீட்டின் கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடிக்கு அப்பால் வெளியில் வையுங்கள். அதன் புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெள்ளநீரில் கழிவுநீர் கலந்திருக்கும் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள்: என்95 முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, கனத்த கையுறை, உறுதியான அடிப்பாகம் கொண்ட பூட்ஸ், டெட்டனஸ் தடுப்பூசி. 1978-க்கு முன் கட்டிய வீட்டின் பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். பழைய தரை ஓடுகளில் கல்நார் இருக்கலாம். ஐயம் எழுந்தால் வேலையை நிறுத்தி, விவரம் தெரிந்தவரை அழையுங்கள்.

சாமான்களை வெளியே எடுக்கும் கட்டத்தில் வேகம் பெரும் தீங்கு செய்யும். குழுவில் பொறுமையான ஒருவர் வீட்டுக்காரரின் பக்கத்திலேயே இருந்து, ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்ட பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும். சேறு ஒட்டிய ஆல்பம் நமக்குக் குப்பையாகத் தெரியலாம். ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைப் பிய்க்காமல், குளிர்ந்த சுத்தமான நீரில் மெல்ல அலசி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி உலர்த்தினால் பல படங்கள் பிழைத்துவிடும். அன்றே செய்ய நேரமில்லை என்றால் பையில் போட்டு உறைபெட்டியில் வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் நாடா சுற்றி ஒட்டி வெளியேற்றுங்கள். தெருவோரத்தில் மரக்கிளைகள், கட்டட இடிபாடு, பெரிய சாதனங்கள், மின்னணுப் பொருட்கள், இரசாயனங்கள் ஆகியவற்றைத் தனித்தனிக் குவியல்களாக வையுங்கள். தீயணைப்புக் குழாயையும் மீட்டர்களையும் மறைக்காதீர்கள்.

இனி சுவர். ட்ரைவால் என்னும் ஜிப்சம் பலகை நீரை உறிஞ்சி மேலே ஏற்றும் என்பதால், வெளியே தெரியும் கோட்டுக்கு மேலேயும் உட்பகுதி நனைந்தே இருக்கும். பலகையின் அகலம் 4 அடி. ஆகவே வெள்ளக் கோட்டுக்கு மேலே வருமாறு, தரையிலிருந்து 2 அடியிலோ 4 அடியிலோ நேர்கோடு இழுத்து அறுத்தால், பிறகு புதுப் பலகையை வீணாக்காமல் பொருத்தலாம். உள்ளே மின்கம்பியும் குழாயும் ஓடுவதால் ரம்பம் இறங்கும் ஆழம் பலகையின் தடிமனைத் தாண்டக் கூடாது. நனைந்த வெப்பக் காப்புப் பஞ்சை முழுவதும் எடுத்துவிடுங்கள். மரச் சட்டங்களில் மிஞ்சிய ஆணிகளையெல்லாம் பிடுங்கி, சட்டத்தின் அடிக்கட்டையில் தங்கிய சேற்றைச் சுரண்டியெடுங்கள். அங்கே விட்ட ஈரம்தான் கடைசியில் காயும்.

சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுவதே முக்கியமான சுத்திகரிப்பு. பிளீச் பயன்படுத்துவதானால் ஒரு கேலன் நீருக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். அம்மோனியா கலந்த எதனுடனும் அதைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு எழும்.

பிறகு காத்திருங்கள். வெளிக்காற்று உள்ளிருப்பதைவிட உலர்ந்திருந்தால் ஜன்னல்களைத் திறவுங்கள். வளைகுடாக் கரையின் புழுக்கத்தில் அப்படி வாய்ப்பது அரிது என்பதால், மின்சாரம் வந்த பின் ஜன்னல்களை மூடி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையும் மின்விசிறிகளையும் ஓடவிடுவது பெரும்பாலும் நல்லது. ஊசி வகை ஈரமானியைப் பல சட்டங்களில், குறிப்பாக அடிக்கட்டையில், குத்திப் பார்த்து, அளவையும் தேதியையும் பென்சிலால் அந்தந்த மரத்திலேயே எழுதுங்கள். எல்லா இடத்திலும் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை புதுப் பலகை ஏறக் கூடாது. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. மேற்பரப்பு முதலில் உலரும், நடுமரம் ஈரமாகவே இருக்கும். குழு சனிக்கிழமைக்குள் ஊர் திரும்ப வேண்டுமென்றால் திரும்பட்டும். சுவரை மூட மற்றொரு குழு பின்னர் வரலாம்.

மறுகட்டுமானத்துக்கு முன் உள்ளூர் அனுமதி அலுவலகத்தில் கேளுங்கள். வெள்ள ஆபத்துப் பகுதியில் உள்ள வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு, சேதத்துக்கு முந்தைய கட்டட மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால், அந்த வீடு இன்றைய வெள்ளப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். வீட்டையே உயர்த்திக் கட்ட நேரலாம். இலவச உழைப்பும் நன்கொடைப் பொருட்களும் அந்தக் கணக்கில் சந்தை விலைக்கே சேரும் என்பதைத் தன்னார்வலர்கள் அறிந்திருக்க வேண்டும். மின்வேலையை உரிமம் பெற்றவரிடமே ஒப்படையுங்கள்.

ஒவ்வொரு நாளும் யார், எந்த வீட்டில், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதைக் கையொப்பத்துடன் பதிந்து, கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) பேரிடர் அலுவலகத்துக்குக் கொடுங்கள். தகுதியுள்ள பணியாக இருந்தால், அந்த மணிகளின் மதிப்பை உள்ளாட்சி செலுத்த வேண்டிய பேரிடர்ச் செலவுப் பங்கில் ஈடாகக் காட்ட ஃபெமாவின் விதிகள் இடம் தருகின்றன.