பல்பு அணைந்த இரவில் குஞ்சுகளுக்கு வெந்நீர் பாட்டில்

பொரித்து மூன்றே நாளான 11 கோழிக்குஞ்சுகள். நள்ளிரவில் கரண்ட் போய், சூட்டுக்காகப் போட்டிருந்த பல்பு அணைந்ததும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தத் தொடங்கின. குளிர்கிறது என்று அர்த்தம். முதல் வாரத்தில் அவற்றுக்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்.

அவசரத்தில் அட்டைப்பெட்டியைப் போர்வையால் முழுதாக மூடினேன். தப்பு. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஈரம் கோத்துவிட்டது. நனைந்த குஞ்சு இன்னும் வேகமாகக் குளிர்ந்துவிடும்.

சரி என்று போர்வையைப் பாதி விலக்கி, இரண்டு பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, பழைய சாக்ஸ் மாட்டி, பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வைத்தேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். உருண்டு குஞ்சை நசுக்காதபடி பக்கத்தில் ஒரு செங்கல். மறு ஓரத்தை அப்படியே விட்டேன். சூடு அதிகமானால் குஞ்சு அங்கே நகர்ந்துகொள்ளும்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. பாட்டில்களுக்கு மேலே குச்சி வைத்து, கம்பளித் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்துத் தொங்கவிட்டேன். தாய்க்கோழியின் வயிறு என்றே நினைத்தனவோ என்னவோ, எல்லாம் உள்ளே நுழைந்து அடங்கிவிட்டன.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றியதில் எனக்குத்தான் தூக்கம் போனது. காலையில் எண்ணிப் பார்த்தேன்: 11.