முதல் நுவார் படத்தை எப்படிப் பார்ப்பது? ஒரே ஒரு படத்தை வைத்துப் படிப்படியாக

பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படம் ஒன்றைப் பார்க்கலாம் என்று ஆசையாக உட்காருகிற பலர் இருபதாவது நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். “கொலைகாரன் யாருன்னு முதல்லயே சொல்லிட்டாங்களே, இனிமே என்ன இருக்கு?” என்பதுதான் வழக்கமான குறை. நுவார் எனப்படும் இந்த வகைப் படங்களின் ருசியே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கெட்டுப்போவோம் என்று தெரிந்தும் ஒருவன் தன் காலாலேயே நடந்து போய் மாட்டிக்கொள்வதை, ஒவ்வோர் அடியாகப் பக்கத்தில் நின்று பார்க்க வைக்கும் படங்கள் இவை. அதை அனுபவிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பழக்கத்தைச் சொல்லித் தருகிறேன்.

படி 1: தொடங்குவதற்கு ஏற்ற படம்

இணையத்தில் தேடினால் ‘தி பிக் ஸ்லீப்’ (1946) என்ற பெயர் உடனே வந்து நிற்கும். அருமையான படம், ஆனால் முதல் படமாக வேண்டாம். யார் யாரைக் கொன்றார்கள் என்ற கணக்கு அதில் அவ்வளவு சிக்கல். கதையில் வரும் கார் ஓட்டுநரைக் கொன்றது யார் என்று படக்குழு மூல நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லரிடமே கேட்டதாகவும், அவருக்கே தெரியவில்லை என்றும் சொல்வார்கள்.

‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) படத்தில் தொடங்குங்கள். 107 நிமிடம் ஓடும். ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய குறுநாவலை வைத்து பில்லி வைல்டர் இயக்கியது. திரைக்கதையை வைல்டரும் அதே சாண்ட்லரும் சேர்ந்து எழுதினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் வால்டர் நெஃப் என்று ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். கார் பாலிசியைப் புதுப்பிக்க ஒரு வீட்டுக்குப் போகிறவன், அந்த வீட்டுக்காரரின் மனைவி ஃபிலிஸிடம் மயங்குகிறான். கணவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் ஒரு விபத்து பாலிசி எடுத்து, அவரைக் கொன்று, ரயிலிலிருந்து விழுந்து செத்ததாகக் காட்டிவிட வேண்டும் என்பது இருவரின் திட்டம். ரயில் விபத்து என்றால் 50,000 டாலர் பாலிசிக்கு இரண்டு மடங்கு, அதாவது 1,00,000 டாலர் கிடைக்கும். முன்கூட்டித் தெரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

படி 2: அறையையும் திரையையும் தயார் செய்யுங்கள்

இரவில் பாருங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். செல்பேசித் திரையில் வேண்டாம், ஏனென்றால் இந்தப் படங்களின் பாதி வேலை இருட்டுக்குள் நடக்கிறது, சின்னத் திரையில் அது வெறும் கறுப்பாகத் தெரியும். டிவியில் ‘விவிட்’ என்ற அமைப்பு இருந்தால் மாற்றி ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்பில் வையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியையும் நிறுத்துங்கள். படம் திரையின் நடுவில் மட்டும் தெரியும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும். அன்றைய படச்சட்டத்தின் அளவு அதுதான், இழுத்துப் பெரிதாக்கினால் முகங்கள் சப்பையாகிவிடும்.

அப்புறம், வசனம் ரொம்ப வேகம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது.

படி 3: முதல் பத்து நிமிடத்தை அவசரப்படாமல் பாருங்கள்

நள்ளிரவில் ஒரு கார் சிவப்பு விளக்கையும் மதிக்காமல் பாய்ந்து வருகிறது. காயத்தோடு இறங்கும் நெஃப் தன் அலுவலகத்துக்குப் போய், கடிதம் சொல்லிப் பதிவு செய்யும் டிக்டாஃபோன் கருவியின் முன் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறான். தேதி 1938 ஜூலை 16. பேச்சு முழுவதும் அதே கம்பெனியில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் மேலாளர் பார்ட்டன் கீஸுக்கு. கொன்றது நான்தான், பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றேன், பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறான்.

இங்கே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ‘யார்’ என்ற கேள்வியைக் கைவிட்டு, ‘எந்த இடத்தில் இவன் திரும்பிப் போயிருக்கலாம்’ என்ற கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் அவன் ஒரு நொடியாவது தயங்குகிறான்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். கதையைச் சொல்வது அவன் குரல். ஃபிலிஸ் எப்படிப்பட்டவள் என்பதை நாம் தெரிந்துகொள்வதும் பெரும்பாலும் அவன் வாயிலிருந்துதான். அவள் வலை விரித்தாள், இவன் விழுந்தான் என்று அவன் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கம்பெனியை ஏமாற்றும் ஆசை அவளைப் பார்ப்பதற்கு முன்பே தனக்குள் இருந்ததை அவனே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறான். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

படி 4: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்

நெஃப் முதன்முதலாக ஃபிலிஸின் வீட்டு ஹாலில் காத்திருக்கும் காட்சி வந்ததும் படத்தை நிறுத்துங்கள். வெளியே கலிஃபோர்னியாவின் சுள்ளென்ற பகல் வெயில். உள்ளே சன்னல்கள் சாத்தியிருக்கின்றன. சன்னலில் தொங்கும் பட்டைப் பலகைகளின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக இறங்குகிறது. அந்தக் கோடுகளுக்குள் தூசி மிதப்பது கண்ணுக்குத் தெரியும். ஒளிப்பதிவாளர் ஜான் எஃப். சைட்ஸ் அலுமினியத் துகள்களைக் காற்றில் தூவி அந்தத் தூசியை உண்டாக்கினார். வசதியான வீடுதான், ஆனால் அந்தத் துகள்கள் அதைக் காற்றே புகாத இடமாக மாற்றிவிடுகின்றன. நெஃப் நடக்கும்போது அதே கோடுகள் அவன் உடம்பில் சிறைக் கம்பி மாதிரி விழுகின்றன. இன்னும் அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை!

கொஞ்சம் தொழில்நுட்பம். அன்றைய ஸ்டுடியோ முறையில் ஒரு முகத்துக்கு மூன்று விளக்குகள் வைப்பது வழக்கம்: முக்கிய வெளிச்சம் தரும் கீ லைட், அது உண்டாக்கும் நிழலை நிரப்பும் ஃபில் லைட், ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக்காட்டும் பேக் லைட். நுவார் ஒளிப்பதிவாளர்கள் ஃபில் லைட்டைக் குறைத்தார்கள் அல்லது எடுத்தே விட்டார்கள். நிழல் நிரப்பப்படாமல் அப்படியே கிடக்கும். பாதி முகம் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டபின் எந்த நுவார் படத்தையும் நிறுத்தி, “இங்கே எந்த விளக்கை எடுத்துவிட்டார்கள்?” என்று கேட்டுப் பார்க்கலாம்.

இந்த இருட்டு ஹாலிவுட்டில் மட்டும் பிறந்ததில்லை. வைல்டர் பெர்லினில் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்த யூதர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் அங்கிருந்து தப்பியவர். ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் என்று நுவாரின் பெரிய பெயர்களில் பலர் இப்படி ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்தவர்கள். 1920களின் ஜெர்மானியப் படங்களின் கோணல் நிழல்களும், ஒரு நாடே கண்முன் கெட்டுப்போனதைப் பார்த்த அனுபவமும் அவர்களோடு வந்தன. குற்றம் எங்கோ இருக்கும் கெட்டவர்களின் வேலை என்று இந்தப் படங்கள் ஒருபோதும் ஆறுதல் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

படி 5: காட்டாததைக் கவனியுங்கள்

1934 முதல் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கறாராக அமலில் இருந்தன. கொலை செய்யும் முறையை விவரமாகக் காட்டக்கூடாது, குற்றவாளி தண்டனையிலிருந்து தப்பக்கூடாது. இந்தக் கதையே 1935இல் தணிக்கை அலுவலகத்தின் எதிர்ப்பால் படமாகாமல் நின்றுபோனது.

கட்டுப்பாடு என்ன கொடுத்தது என்று கொலைக் காட்சியில் பாருங்கள். ஃபிலிஸ் கார் ஓட்டுகிறாள். பக்கத்தில், கால் உடைந்து கட்டுப்போட்ட கணவர். பின் இருக்கையில் ஒளிந்திருக்கிறான் நெஃப். அவள் மூன்று முறை ஹாரன் அடிப்பது சைகை. அடிக்கிறாள். அதன்பின் கேமரா அவள் முகத்தை விட்டு நகர்வதே இல்லை. பக்கத்தில் நடப்பதன் சத்தம் மட்டும் கேட்கிறது. ஃபிலிஸாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கின் கண்கள் சாலையிலேயே இருக்கின்றன. கடைசியில் உதட்டோரம் ஏதோ ஒன்று தளர்கிறது. திருப்தியா? நிம்மதியா? ஒவ்வொரு முறையும் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. ரத்தம் காட்டியிருந்தால் இந்த முகம் நமக்குக் கிடைத்திருக்காது.

பேச்சிலும் இதே கதைதான். முதல் சந்திப்பில் நெஃப் எல்லை மீறி வழிகிறான். அவள் நேரடியாக அதட்டவில்லை. இந்த மாநிலத்தில் வேக வரம்பு உண்டு, மணிக்கு 45 மைல் என்கிறாள். அப்படியானால் நான் எவ்வளவு வேகத்தில் வந்தேன் ஆபீசர் என்கிறான் இவன். போக்குவரத்துப் போலீசும் கார்க்காரனும் பேசுவது போலவே கடைசிவரை போகிறது. இரண்டு முறை போட்டுக் கேளுங்கள்.

படி 6: கார் கிளம்பாத காட்சியில் உங்களைக் கவனியுங்கள்

எனக்குப் படத்திலேயே மிகவும் பிடித்த இடம். பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டாயிற்று. இருவரும் காரில் ஏறுகிறார்கள். ஃபிலிஸ் ஸ்டார்ட் செய்கிறாள், வண்டி உறுமி அடங்குகிறது. மறுபடி. மறுபடியும் அடங்குகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு நெஃப் மெதுவாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்புகிறான்.

அந்தச் சில நொடிகளில் உங்கள் மனம் என்ன சொல்கிறது? “கிளம்பு, கிளம்பு” என்றுதானே? ஒரு மனிதரைக் கொன்றவர்கள் பத்திரமாகத் தப்ப வேண்டும் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேண்டுகிறோம். குற்றத்தில் நம்மையும் ஒரு பங்காளியாக்கிவிட்டது படம். எழுதிய திரைக்கதையில் இது கிடையாதாம். காட்சியை எடுத்து முடித்துச் சாப்பாட்டுக்குக் கிளம்பியபோது தன் கார் ஸ்டார்ட் ஆகாததால் இந்த யோசனை வந்ததென்றும், ஓடிப்போய்த் திரும்ப எடுத்ததாகவும் வைல்டர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

படி 7: இன்னொரு நாள், கீஸுக்காக மறுபடி பாருங்கள்

முதல் முறை எல்லோரும் ஃபிலிஸையும் நெஃப்பையும்தான் பார்ப்போம். இரண்டாம் முறை எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த கீஸைப் பின்தொடருங்கள். சுருட்டு எப்போதும் கையில் இருக்கும், தீக்குச்சி மட்டும் இருக்காது. ஒவ்வொரு முறையும் நெஃப்தான் நகத்தால் குச்சியைக் கிழித்துப் பற்றவைக்கிறான். அந்தத் தீக்குச்சியைக் கடைசிவரை விடாமல் பாருங்கள். இந்தப் படத்தில் உண்மையான அன்பு இந்த இரண்டு ஆண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நெஃப்பின் குடியிருப்பில், வராந்தாவில் ஃபிலிஸ் கதவுக்குப் பின்னால் ஒளியும் காட்சியும் உண்டு. அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. நிஜத்தில் அப்படிப்பட்ட கதவுகள் உள்பக்கம்தான் திறக்கும். பதற்றத்தில் முதல் முறை யாரும் கவனிப்பதில்லை.

படி 8: அடுத்து எது?

நேரம் குறைவென்றால் எட்கர் ஜி. உல்மரின் ‘டிடூர்’ (1945). ஒன்றேகால் மணி நேரத்துக்கும் குறைவு, மிகச் சொற்பச் செலவில் எடுத்தது, அந்த ஏழ்மையே அதற்குப் பலம். நிழல்தான் பிடித்திருக்கிறதென்றால் ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ (1947). போரில் சிதைந்த வியன்னாவைப் பார்க்க கரோல் ரீடின் ‘தி தேர்ட் மேன்’ (1949).

இவற்றுக்குப் பின் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) படத்தைப் போடுங்கள். ஏவி.எம். தயாரிப்பு, பாட்டே கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார், பிறகு ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். சிறுவயதில் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. இப்போது ஒவ்வொரு விசாரணையிலும் ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் எந்த விளக்கை எடுத்துவிட்டிருக்கிறார் என்று பாருங்கள்.