கர்ப்பப்பையை எடுக்கத் தேதி குறிப்பதற்கு முன்

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் பாதியைக்கூட ஏற முடியாமல் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “எத்தனை மாசம்மா? இந்த நேரத்துல ஏன் ஏறுற?” என்று பரிவோடு கேட்டார். அப்போது எனக்கு வயது 43. வயிற்றில் இருந்தவை மூன்று ஃபைப்ராய்டுகள், அதாவது கர்ப்பப்பையில் வளரும் புற்றுநோயல்லாத கட்டிகள். பெரியது 9 சென்டிமீட்டர். ஹீமோகுளோபின் 7.2.

கோலாலம்பூர் செந்தூலில் வீடு, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியை. மாதத்தில் எட்டு நாள் கறுப்பு சுடிதார் தவிர வேறெதையும் உடுத்தத் துணிய மாட்டேன். நான் போன தனியார் மருத்துவமனையில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், “ரெண்டு பிள்ளைங்க இருக்கே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்” என்று சொல்லி அங்கேயே தேதியும் கொடுத்தார். வேறு வழி உண்டா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பள்ளியில் ஓர் ஆசிரியை தனக்கு ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியைச் சுருக்கும் எம்போலைசேஷன் சிகிச்சை நடந்ததைச் சொல்லியிருக்காவிட்டால் அந்தத் தேதியில் போய்ப் படுத்திருப்பேன். கர்ப்பப்பையை எடுப்பது தவறான சிகிச்சை இல்லை, சிலருக்கு அதுதான் சரி. ஆனால் மற்ற வழிகளையும் கேட்டுவிட்டுத்தான் ஒரு பெண் கையெழுத்துப் போட வேண்டும்.

முதலில் ஒரு நாட்காட்டியை எடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேட், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினீர்கள், ரத்தம் உறைந்து கட்டி கட்டியாக விழுந்ததா, இரவில் எழுந்தீர்களா என்று இரண்டு மாதம் எழுதுங்கள். “நிறைய போகுது டாக்டர்” என்பதைவிட “மூன்றாம் நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட்” என்பதற்கு உடனே காது கொடுப்பார்கள். கூடவே ரத்தச் சோகையைச் சரிசெய்யத் தொடங்குங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் வேளையில் தே தாரிக் வேண்டாம், தேநீர் அந்தச் சத்தை உடம்பில் ஏறவிடாது. நான் பல மாதம் பசியாறும்போது இரண்டையும் ஒன்றாகவே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சாதாரண ஸ்கேன் கட்டி இருப்பதைக் காட்டும். எந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு ரத்த ஓட்டம் உண்டா என்பதை எம்.ஆர்.ஐ.தான் தெளிவாகக் காட்டும். சிகிச்சையே அதைப் பொறுத்ததுதான். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கட்டியைக் கீழ்வழியாகவே கருவி விட்டு எடுத்துவிடலாம். வெளிப்பக்கம் மெல்லிய காம்பில் தொங்கும் கட்டிக்கு அறுவைதான் பொருத்தம் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். ரத்த ஓட்டம் ஏற்கெனவே நின்றுபோன கட்டிக்கு ரத்தக்குழாயை அடைத்துப் பயனில்லை. சுவர் தடித்துப்போகும் அடினோமயோசிஸ் என்ற வேறொரு கோளாறும் இதே போல வலியும் போக்கும் கொடுக்கும், அதையும் இதில் பிரித்தறியலாம். 45 வயதைத் தாண்டியவர்களும், மாதவிலக்குக்கு இடையிலும் ரத்தம் படுகிறவர்களும் கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து திசு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே இந்தப் பேச்சுக்கு வரவேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். ஸ்கேன் படத்தைப் படித்து அறிக்கை எழுதுவதோடு நிற்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்க்குள் சிகிச்சை செய்கிறவர். அரசாங்க வழியில் போனால் முதலில் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையம், அங்கிருந்து கடிதத்தோடு மகப்பேறு நிபுணர். அவரிடம் “போலே சாயா ஜும்பா பாக்கார் ரேடியோலோஜி இந்தெர்வென்சி?” (இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி நிபுணரை நான் பார்க்கலாமா?) என்று மலாயில் நேராகக் கேளுங்கள். எல்லா அரசு மருத்துவமனையிலும் இது செய்வதில்லை, செய்கிற இடத்துக்கு மாற்றிக் கடிதம் வாங்க வேண்டும். காத்திருப்பு நீளும். தனியாரில் செய்வதானால், காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் இந்தச் சிகிச்சையின் பெயரிலேயே வந்த பிறகுதான் படுக்கையில் சேரவேண்டும்.

எம்போலைசேஷனில் நடப்பது இதுதான். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ ஊசித் துளையளவு வழி செய்து, மெல்லிய கதீட்டர் குழாயைக் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய் வரை கொண்டுபோகிறார்கள். ரவை போன்ற, பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான துகள்களை அதற்குள் விடுகிறார்கள். இடம், வலம் இரண்டு பக்கமும். ரத்தம் கிடைக்காத கட்டி செத்துச் சுருங்குகிறது. கர்ப்பப்பைக்கு மற்றக் கிளைகள் வழியாகவும் ரத்தம் வருவதால் அது பிழைத்துக்கொள்கிறது. கட்டிக்கு இதைச் சிகிச்சையாக 1995-இல் பாரிஸில் ரவினா என்ற டாக்டரும் அவருடைய குழுவும் வெளியிட்டார்கள். அறுவையில் ரத்தப்போக்கைக் குறைக்கத்தான் முன்கூட்டி அடைத்துப் பார்த்தார்கள். பல பெண்களுக்கு அதிலேயே தொல்லை தீர்ந்து, அறுவையே தேவைப்படாமல் போயிற்று.

போவதற்கு முன் சிறுநீரகச் சோதனை, ரத்தம் உறைதல் சோதனை, கர்ப்பச் சோதனை இருக்கும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றும் சாய மருந்துக்கு அலர்ஜி, உள்ளே பொருத்திய காப்பர்-டி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். முழு மயக்கம் கிடையாது, அரைத்தூக்கம்தான். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சாயம் ஏறும்போது அடிவயிறு சுடுநீர் ஊற்றியது போல் சூடாகும், பயப்படாதீர்கள்.

வலி அறைக்கு வந்த பிறகுதான் தொடங்கும். இதை யாரும் எனக்கு முழுதாகச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். முதல் ஆறேழு மணி நேரம் பிரசவ வலியின் நடுப்பகுதி போல இருந்தது. கட்டி ரத்தமில்லாமல் தவிக்கும் வலி அது. வலிமருந்துப் பட்டன் கொண்ட கருவி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அழுத்தினால் மருந்து ஏறும், அளவைத் தாண்ட அது விடாது. நோயாளி மட்டுமே அழுத்த வேண்டும், பாசத்தில் கணவரோ அம்மாவோ அழுத்தக்கூடாது. வலி ஏறும்வரை பொறுத்திருக்காமல் தொடங்கும்போதே அழுத்துங்கள். “பொம்பளைனா பொறுத்துக்கணும்” என்று அன்றிரவு யாராவது சொன்னால் அந்த ஆளை வெளியே அனுப்புங்கள். குமட்டலுக்கும் மருந்து கேளுங்கள். தொடை வழி செய்தவர்கள் சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும்.

மறுநாள் மாலை வீடு திரும்பினேன். ஒரு வாரம் லேசான காய்ச்சல், அசதி. கஞ்சியும் ரசமும் தவிர எதுவும் இறங்கவில்லை. இரண்டு வாரம் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கேட்டு வாங்குங்கள். அந்த நாள்களில் டம்பான், நீச்சல், உறவு வேண்டாம். எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். காய்ச்சல் 38.5-ஐத் தாண்டினாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ, நாற்றமடிக்கும் கசிவு வந்தாலோ, சதைத் துண்டு வெளிவந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட இது நடக்கலாம்.

இன்னும் பிள்ளை வேண்டும் என்பவர்கள் அவசரப்படக் கூடாது. எம்போலைசேஷனுக்குப் பின் கருத்தரித்துப் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. ஆனாலும் கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமி பற்றி முதலில் பேசுவதுதான் வழக்கம். 45 வயதை நெருங்கியவர்களுக்கு மாதவிலக்கு அடியோடு நின்றுபோகும் வாய்ப்பும் உண்டு. ஹைஃபூ என்ற ஒலியலைச் சிகிச்சையில் ஊசித்துளைகூட இல்லை. வெளியிலிருந்து அலையைக் குவித்துக் கட்டியைச் சுடுகிறார்கள். குடல் குறுக்கே வந்தாலோ, கட்டிகள் நிறைய இருந்தாலோ சரிவராது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 157 பெண்களிடம் எம்போலைசேஷனையும் அறுவையையும் ஒப்பிட்டுப் பார்த்த ரெஸ்ட் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அதில் எம்போலைசேஷன் செய்தவர்கள் பொதுவாக ஒரே நாளில் வீடு திரும்பினார்கள், அறுவை செய்துகொண்டவர்கள் ஐந்து நாளில். ஆனால் அதே பெண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஐந்தாண்டுக்குள் எம்போலைசேஷன் செய்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மீண்டும் ஏதாவது சிகிச்சை தேவைப்பட்டது. ‘இனி எனக்கு இந்தத் தொல்லையே வேண்டாம்’ என்பவருக்கு இது பெரிய எண். கர்ப்பப்பையை வைத்துக்கொள்ள விரும்பிய எனக்கு ஏற்கத்தக்க எண்.

ஆறு மாதத்தில் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். என் 9 சென்டிமீட்டர் கட்டி 7 ஆகியிருந்தது. இவ்வளவுதானா என்று அழுகையே வந்தது. டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார்: விட்டம் 9-லிருந்து 7 ஆனால், உருண்டையின் கன அளவில் பாதிக்கும் மேல் போய்விட்டது. ஆகவே உங்கள் முறை வரும்போது கன அளவைக் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் உள்ள குறுந்தட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.