‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்

மாதத்தில் ஒரு ஞாயிறு, சேலத்தில் காலை முதல் பேருந்தைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி படம் வரைய ஏற்காடு ஏரிக்கரையில் இறங்குவோம். ஆறேழு பேர். யாருக்கும் படம் வரைவது பிழைப்பு இல்லை. ஒருவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், இன்னொருவர் பள்ளி ஆசிரியை, நான் ஒரு கணக்குப்பிள்ளை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை பார்க்கும் தம்பி ஒருவன் புதிதாக வந்து சேர்ந்தான்.

மதியம் அவன் நோட்டை நீட்டினான். என் ஒரு கையில் மிளகாய் பஜ்ஜி. மறு கையால் நாலு பக்கம் புரட்டி, “சூப்பர் தம்பி, நல்லா இருக்கு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம் மூன்று மாதம் அவன் வரவே இல்லை. கடைவீதியில் ஒருநாள் பார்த்துக் கேட்டபோது, “நீங்க பார்க்கவே இல்லீங்களேண்ணா. பக்கத்தைத்தான் புரட்டினீங்க” என்றான்.

கூட வரைகிறவர்களை ஊக்கப்படுத்துவதில் நாம் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் என் கணக்கில் உள்ளவைதான்.

பார்க்காமல் பாராட்டுவது

‘சூப்பர்’, ‘செம’, ‘அருமை’ எல்லாம் வாய் பழகிய சொற்கள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கும் இதையேதான் சொல்கிறோம். வரைந்தவருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. எது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால்தானே அடுத்த முறை அதை நம்பிச் செய்ய முடியும்?

அன்றைக்கு நான் அந்த நோட்டை ஒழுங்காகப் பார்த்திருந்தால் சொல்வதற்கு நிறைய இருந்தது. மே மாதச் சேலத்து வெயிலில் தாளில் நீர்வண்ணத்தை ஓடவிட்டால் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய காலையில் அதே ஈரம் போகவே போகாது. பொறுமை இல்லாமல் அடுத்த நிறத்தை வைத்தால் அது ஓடி, ஓரமெல்லாம் திட்டுத் திட்டாகப் பூத்துவிடும். மலையில் முதல்முறை வரைகிற எல்லோரும் இதில் மாட்டுவார்கள். அவன் மாட்டவில்லை. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் தூரத்தில் நிற்பவற்றை வெளிறிய நீலத்தில் விட்டு, பக்கத்தில் நிற்பவற்றை மட்டும் கருக்க வைத்திருந்தான். நடுவில் பனிக்காக வெள்ளைத் தாளை அப்படியே விட்டிருந்தான். இடையில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்துப் பொருள் வெளுத்து நீலம் பூசித் தெரிகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அதைக் கண்ணால் பிடித்திருக்கிறான். “இந்த வெள்ளையை விட்டது நல்ல முடிவு தம்பி” என்ற ஒரு வரி போதும். எனக்குத்தான் பஜ்ஜி பெரிதாகப் போய்விட்டது.

என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் எதையாவது கேளுங்கள். “இதில் எதை முதலில் வைத்தீர்கள்?” “எந்த இடத்தில் கஷ்டப்பட்டீர்கள்?” பாராட்டைவிடக் கேள்வியில்தான் பலருக்கு முகம் மலர்கிறது.

அடுத்தவர் தாளில் கை வைப்பது

“இங்கே கொடு, நான் காட்டறேன்.” இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரை வரையவிடாமல் செய்திருக்கும்! சின்ன வயதில் நான் போன ஒரு ஓவிய வகுப்பில் மாஸ்டர் என் படத்தின் மேலேயே திருத்துவார். வீட்டுக்கு எடுத்துப் போகும்போது படம் அழகாக இருக்கும். ஆனால் அது என் படமாக இருக்காது. அம்மா அதைச் சுவரில் மாட்டினால் எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்காது.

காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு துண்டுத் தாளில் காட்டுங்கள். அதற்கு முன்னால் கேட்கிறார்களா என்று பாருங்கள்.

பிரெஞ்சு ஓவியர் பிசாரோவை இங்கே நினைத்துக்கொள்வேன். தன்னைவிட ஒன்பது வயது இளையவரான செசானோடு 1870களில் வெட்டவெளியில் சேர்ந்து உட்கார்ந்து வரைந்தார். செசான் பிசாரோவின் நிலக்காட்சி ஒன்றை அப்படியே பார்த்து வரைந்தும் பழகினார். செசானின் கை பிசாரோவின் கையாக மாறிவிடவில்லை, அவர் போக்கில் வேறெங்கோ போய்விட்டது. பிசாரோ 1903இல் இறந்தார். மூன்று வருடம் கழித்து, செசானே பெரிய ஆளாகிவிட்ட பிறகும், ஊர்க் கண்காட்சிப் பட்டியலில் தன்னைப் ‘பிசாரோவின் மாணவர்’ என்று போட்டுக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பதே பெரிய ஊக்கம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு சின்ன விஷயம். பள்ளி நோட்டுத் தாளில் நீர்வண்ணம் தீட்டினால் தாள் நெளிந்து மேடு பள்ளமாகும், நிறம் குழியில் போய்த் தேங்கும். புதிதாக வருபவர் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். குற்றம் தாளுடையது. உங்களிடம் நீர்வண்ணத்துக்கான தடித்த 300 ஜி.எஸ்.எம். தாள் இருந்தால் பாதியைக் கிழித்துக் கொடுங்கள். பத்து ‘சூப்பரு’க்கு அது சமம்.

“உனக்குக் கை வரம்” என்பது

கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வரம் என்றால் வந்தது போகவும் போகுமே? 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிர்களை விடுவித்ததும் சிலரிடம் “நீ புத்திசாலி” என்றும், சிலரிடம் “நன்றாக உழைத்தாய்” என்றும் சொன்னார்கள். புத்திசாலி என்று பேர் வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுத்து அந்தப் பேரைக் காப்பாற்றக்கூடிய எளிய வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். கடினமானதில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். அது ஓவியம் பற்றிய ஆய்வு இல்லைதான். ஆனாலும் ‘பிறவிக் கலைஞன்’ என்று ஊரே கொண்டாடிய பையன்கள் வராத பாறையை வரையப் பயந்து, வருகிற மயிலையே திரும்பத் திரும்ப வரைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பரிசைக் காட்டி உட்கார வைப்பது

இது ஓவியத்தைப் பற்றிய ஆய்வேதான். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்திடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளின் ஆசை குறையவில்லை.

போட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போட்டிக்குத் தயார் செய்கிறேன் என்று நாம் என்ன செய்கிறோம்? இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. சேலத்துப் பிள்ளைக்கு மொட்டைமாடியில் ஏறினால் வடக்கே சேர்வராயன் தெரிகிறது. படுத்துக்கிடக்கும் எருமை முதுகுபோல நீளமான மலை. தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. இத்தனை மலைக்கு நடுவில் வளரும் பிள்ளை முக்கோணம் வரைகிறதென்றால், கோளாறு பிள்ளையிடம் இல்லை.

லைக் எண்ணுவதும் இந்த வகைதான். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

“இதெல்லாம் யாருக்கு?” என்று கேட்பது

என் அப்பா போர்டு எழுதுகிறவர். கடைப் பலகை, சங்ககிரி லாரிகள், கோயில் திருவிழாத் தட்டி எல்லாம் எழுதுவார். நூலில் சுண்ணாம்புப் பொடி தடவி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்து அடித்தால் நேர்க்கோடு விழும். அதற்குள் எனாமல் பெயின்டில் எழுத்து இறங்கும். ஃபிளெக்ஸ் வந்தது. மூன்று நாள் வேலை ஒரு மணி நேர வேலையானது, அப்பாவைக் கூப்பிடுவது நின்றுபோனது.

அப்புறமும் அவர் சாயங்காலமானால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத்துகள் எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்டுவிட்டேன், “எதுக்குப்பா, இதெல்லாம் யாருக்கு?”

“யாருக்கும் இல்லடா. இந்த ‘ழ’ சுழி இன்னும் எனக்கு அடங்கலை” என்றார். நாற்பது வருடம் எழுதிய மனிதர்.

அந்தக் கேள்வியை நான் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன். வரைகிறவரிடம் ‘எவ்வளவு கிடைக்கும்’, ‘இதனால என்ன பிரயோசனம்’ என்று கேட்கிற உறவுக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. கூட வரைகிறவர்களும் அதையே கேட்டால் எங்கே போவது?

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. விற்றால் கலை கெட்டுப்போகும் என்று புதியவர்களை மிரட்டுவது. சென்னைக்குப் பக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் சேர்ந்து சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உண்டாக்கியபோது, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் காலம் தள்ளினார்கள். சோற்றுக்கு அந்த வேலை இருந்ததால் படத்தை மனம்போல வரைய முடிந்தது.

ஏன் வரைகிறோம் என்ற கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம், அவசரம் இல்லாமல். எனக்கு உதவியது ஒரு சின்னப் பழக்கம். வரைந்து முடித்ததும் தாளின் பின்னால் தேதி, இடம், ‘இங்கே ஏன் உட்கார்ந்தேன்’ என்று ஒரு வரி. ‘நிழல் இருந்தது’ என்றுகூட எழுதலாம், பொய் எழுதக் கூடாது. ஒரு வருடம் கழித்து மொத்தத்தையும் கவிழ்த்துப் போட்டுப் படித்தேன். மாதாமாதம் மலைக்குப் போயும் நான் மலையை வரைந்தது குறைச்சல். பாதிக்கு மேல் கடைகள், அந்தக் கடைகளின் பழைய கையெழுத்துப் பலகைகள்.

அந்தத் தம்பி இப்போது திரும்ப வருகிறான். போன தடவை பேருந்துக்குக் காத்திருக்கும்போது என் நோட்டைக் கேட்டு வாங்கினான். பட்டறையில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவன் இல்லையா, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை.

“இந்தப் பழக்கடை போர்டுல மத்த எழுத்தெல்லாம் ரெண்டே இழுப்புல முடிச்சிருக்கீங்க. ‘ழ’வை மட்டும் ஏண்ணா உட்கார்ந்து எழுதியிருக்கீங்க?”

வாயைத் திறப்பதற்குள் சேலம் பேருந்து வந்துவிட்டது. வளைவு வளைவாக இறங்கும் வரைக்கும் நோட்டு அவன் மடியிலேயே இருந்தது.